‘ஷுட்’ எங்கே வருகிறது என்று பாருங்கள்
ஆங்கிலப் பத்தி வாசிப்பு, இலக்கணம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு. ஆங்கிலப் பத்தியைப் படித்துவிட்டுத் தமிழில் அழகாகச் சொல்கிறான். ஆனால் ‘ஆத்தர்ஸ் பர்ப்பஸ்’ என்ன என்று கேட்டால் பத்தியின் சுருக்கத்தையே எழுதி மார்க்கைக் கோட்டை விடுகிறான். எங்கே இடிக்கிறது?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: பத்தி அவனுக்குப் புரிந்துவிட்டது. கேள்விதான் புரியவில்லை. ஒரே பத்தியைப் பற்றி நான்கு கேள்விகள் வரலாம். நான்குக்கும் விடையின் உருவமே வேறு. டாபிக் என்ன என்றால் விடை ஒரு பெயர்ச்சொல்: ‘பனைமரம்’. மெயின் ஐடியா என்றால் ஒரு முழு வாக்கியம்: ‘பனையை நம்பிய தொழில்கள் மறைந்துவருகின்றன’. பர்ப்பஸ் என்றால் ‘டு’வில் தொடங்கும் ஒரு வினை: ‘டு எக்ஸ்ப்ளெய்ன்’, ‘டு பெர்ஸுவேட்’. டோன் என்றால் ஒரு பெயரடை: கவலையான, கிண்டலான, நடுநிலையான. உங்கள் மகன் மெயின் ஐடியாவைப் பர்ப்பஸ் என்ற தலைப்பில் எழுதுகிறான். விடையை ‘டு’ போட்டுத்தான் தொடங்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு வைத்துப் பாருங்கள். பாதித் தவறு அங்கேயே நின்றுவிடும்.

மீதிப் பாதிக்கு ஒரு பயிற்சி. ஒரே பனைமரம், மூன்று தொடக்கங்கள்.

ஒன்று: ‘பனை 30 மீட்டர் உயரம் வரை வளரக்கூடியது. இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நுங்கு பெண் மரத்தில் மட்டுமே காய்க்கும்.’

இரண்டு: ‘ஒரு பனை காய்ப்புக்கு வரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வெட்டிச் சாய்க்க ஒரு காலைப்பொழுது போதும். சூளைக்கு இன்னும் எத்தனை மரம் கொடுப்போம்? ஒவ்வோர் ஊராட்சியும் ஏரிக்கரையில் பனை விதைத்தாக வேண்டும்.’

மூன்று: ‘தாத்தா பனையேறும்போது அடியில் நிற்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அன்றைக்கு நின்றேன். ஒரு குலை நுங்கு என் தோளுக்கு ஒரு முழம் தள்ளி வந்து விழுந்தது.’

முதலாவது தகவல் தர, இரண்டாவது இணங்கவைக்க, மூன்றாவது சுவைபடச் சொல்ல. இதுவரை எல்லாப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். சறுக்குவது இரண்டாவதில்தான். அதிலும் தகவல் இருக்கிறதே, அப்படியானால் ‘டு இன்ஃபார்ம்’ என்று எழுதிவிடுவார்கள். கடைசி வாக்கியத்தை விரலால் மறைத்துவிட்டு மறுபடி படிக்கச் சொல்லுங்கள். பத்து ஆண்டுக் கணக்கும் காலைப்பொழுதுக் கணக்கும் எதற்கு வந்தன என்று தெரியாமல் அந்தரத்தில் நிற்கும். விரலை எடுத்தால், அந்த இரண்டு தகவலும் ‘விதைத்தாக வேண்டும்’ என்ற முடிவுக்கு ஏணியாக வந்தவை என்பது தெரியும். தகவல் எதற்கு வேலை செய்கிறதோ அதுதான் நோக்கம்.

எழுதும் முறை: முதல் வாக்கியத்தில் வினை, யாரிடம், எதற்கு ஆகிய மூன்றும் வர வேண்டும். ‘ஊராட்சிகளைப் பனை விதைக்க இணங்கவைப்பதே ஆசிரியரின் நோக்கம்’ என்பதுபோல. இரண்டாவது வாக்கியத்தில் பத்தியிலிருந்தே பிடுங்கிய ஒரு சொல்லோ தொடரோ சான்றாக வர வேண்டும். சான்று இல்லாத விடை பாதி விடைதான். ‘தி ஆத்தர் இஸ் ட்ரையிங் டு டெல் அஸ் அபவுட் பாம் ட்ரீஸ்’ என்று எழுதினால், ‘டு’ இருந்தும் அது டாபிக்தான். ‘டெல் அஸ் அபவுட்’ என்ற தொடரையே வீட்டில் தடை செய்துவிடலாம்.

கேள்வி: மகள் நியூ ஜெர்சியில் 11ஆம் வகுப்பு. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வான எஸ்ஏடிக்குத் தயாராகிறாள். ‘மெயின் பர்ப்பஸ்’ கேள்விகளில் நான்கு விடைகளில் இரண்டு எப்போதும் சரியாகவே தோன்றுகின்றன என்கிறாள். எப்படித் தேர்ந்தெடுப்பது?
– ஒரு வாசகர், எடிசன்

பதில்: கணினியில் நடக்கும் இப்போதைய எஸ்ஏடியில் வாசிப்பும் எழுத்தும் ஒரே பிரிவு. 64 நிமிடத்தில் 54 கேள்விகள், 27, 27 என இரண்டு மாட்யூல்கள். பத்திகள் 25 முதல் 150 சொற்கள்தான், ஒரு பத்திக்கு ஒரே கேள்வி. ஒரு கேள்விக்கு 71 நொடி கிடைக்கிறது. அதனால் நான்கு விடைகளையும் பத்தியோடு சேர்த்துச் சேர்த்துப் பார்க்க நேரம் இராது. விடைகளைப் பார்ப்பதற்கு முன் தன் சொந்தச் சொல்லில் ஒரு ‘டு’ விடையை மனத்தில் சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்கு 5 நொடி போதும்.

பிறகு ஒவ்வொரு விடையின் முதல் வினையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ‘டிஸ்க்ரைப்’ விவரிப்பது. ‘ஆர்க்யூ’ வாதிடுவது. ‘கிரிட்டிசைஸ்’ குறை காண்பது. ‘ட்ரேஸ்’ காலவரிசையில் தொடர்ந்து போவது. ‘இலஸ்ட்ரேட்’ எடுத்துக்காட்டால் விளக்குவது. ஆய்வு முடிவை அமைதியாகச் சொல்லும் பத்திக்கு ‘கிரிட்டிசைஸ்’ என்று தொடங்கும் விடை, மீதி எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் தவறு. வினையிலேயே இரண்டு விடைகள் உதிர்ந்துவிடும்.

மிச்சம் நிற்கும் இரண்டில் ஒன்று பெரும்பாலும் அளவில் பிசகியிருக்கும். பத்தி ஒரு பறவையின் கூட்டைப் பற்றிப் பேச, விடை பறவைகளின் வாழ்க்கை முழுவதையும் பேசும். அல்லது ஒரு வாக்கியத்தில் வந்த சின்ன விவரத்தை மொத்த நோக்கமாகக் காட்டும். இரண்டாவது வகைதான் ஆபத்து. அந்த விவரம் பத்தியில் உண்மையாகவே இருப்பதால் கண் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ‘இது உண்மையா’ என்று கேட்காமல், ‘இதற்காகவா இந்தப் பத்தியை எழுதினார்’ என்று கேட்கப் பழக வேண்டும்.

அறிவியல் பத்திகளில் ஒரு வார்ப்பு அடிக்கடி வரும்: நெடுநாளாக இப்படி நினைத்தார்கள், ‘ஹவெவர்’, புதிய ஆய்வு வேறு விதமாகக் காட்டுகிறது. இதில் நோக்கம் ‘ஹவெவர்’க்கு அப்பால்தான் இருக்கும். முன்பாதியைக் கொண்டு எழுதிய விடை ஒன்று கட்டாயம் இருக்கும், அது பொறி. ஒரு சிறு குறிப்பு: சில கேள்விகள் பத்தி முழுவதன் நோக்கத்தைக் கேட்காமல், கோடிட்ட ஒரு வாக்கியத்தின் பணியை மட்டும் கேட்கும். கேள்வியில் ‘டெக்ஸ்ட்’ என்றிருக்கிறதா, ‘அண்டர்லைன்ட் சென்டன்ஸ்’ என்றிருக்கிறதா என்று பார்க்காமல் இறங்கினால், சரியாகப் படித்தும் தவறு விழும்.

கேள்வி: பத்தி வாசிப்பு ஒரு பகுதி, கிராமர் இன்னொரு பகுதி. கிராமரில் மார்க் எடுக்கிறேன், பத்தியில் வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?
– 11ஆம் வகுப்பு மாணவி, மதுரை

பதில்: வினாத்தாள் இரண்டையும் தனித்தனி அறையில் பூட்டிவைத்திருக்கிறது. சாவி ஒன்றுதான். ஆசிரியர் தன் நோக்கத்தைச் சொல்லிவிட்டுப் போவதில்லை. வினைச்சொற்களில் தடயம் விட்டுப் போகிறார். கையில் பென்சில் எடுத்துக்கொண்டு, பத்தியின் முற்றுவினைகளை மட்டும் வட்டமிடுங்கள்.

வட்டத்துக்குள் ‘ஷுட்’, ‘மஸ்ட்’, ‘நீட் டு’ குவிந்தால் ஆசிரியர் உங்களை எதற்கோ தள்ளுகிறார். அதிலும் கடைசிப் பகுதியில் குவிந்தால் சந்தேகமே வேண்டாம். ‘மே’, ‘மைட்’ வந்தால் எச்சரிக்கையோடு ஒரு முடிவை முன்வைக்கிறார். இங்கே ‘ஆசிரியர் நிரூபிக்கிறார்’ என்ற விடை தவறு. சாதாரண நிகழ்காலம் தொடர்ந்து வந்தால் பொது உண்மையை விளக்குகிறார். இறந்தகாலம் தொடர்ந்து வந்தால் நடந்ததைச் சொல்கிறார். வினை எழுவாய் இல்லாமல் ஏவலாகத் தொடங்கினால் செய்முறைக் குறிப்பு, அல்லது விளம்பரம்.

செயப்பாட்டுவினையை மாணவர்கள் மாற்றி எழுதும் பயிற்சியாக மட்டும் பார்க்கிறார்கள். ‘தி கான்ட்ராக்டர் கட் தி ட்ரீஸ்’ என்றால் வெட்டியவர் முன்னே நிற்கிறார். ‘தி ட்ரீஸ் வேர் கட்’ என்றால் வெட்டியவர் மேடையை விட்டே இறங்கிவிட்டார். ஆய்வக அறிக்கையில் ‘தி சொல்யூஷன் வாஸ் ஹீட்டட்’ என்று எழுதுவது நியாயம். சூடாக்கியது யார் என்பது அங்கே முக்கியமில்லை. ஒரு விபத்தைப் பற்றிய அறிக்கையில் செய்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில் எல்லாம் செயப்பாட்டுவினை வந்தால், யாரையோ மறைப்பதும் நோக்கத்தில் சேர்த்திதான். நம் அரசுச் சுற்றறிக்கையில் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று வருமே, கேட்டுக்கொள்வது யார் என்று யாருக்காவது தெரிந்திருக்கிறதா?

இன்னொரு தடயம் ‘வீ’. ஆங்கிலத்தில் ஒரே சொல். தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்று இரண்டு. பத்தியில் ‘வீ’ வரும்போதெல்லாம் தமிழில் எது பொருந்தும் என்று பாருங்கள். ‘வீ கலெக்டட் வாட்டர் ஃப்ரம் டென் வெல்ஸ்’ என்பது ‘நாங்கள்’. ஆய்வுக் குழு தான் செய்ததைச் சொல்கிறது. ‘வீ கேனாட் வேஸ்ட் எனி மோர் வாட்டர்’ என்பது ‘நாம்’. படிப்பவரையும் கையைப் பிடித்து இழுக்கிறது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைக்குக் கிடைக்காத வசதி இது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்பது தவறா? எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.
– ஒரு மாணவர், ஈரோடு

பதில்: தேர்வுத்தாளில் தவறு. ‘ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்’ என்றே எழுத வேண்டும். உடைமை, அறிதல், விருப்பம் போன்றவை தொடர்ந்து நடத்தும் செயல்கள் அல்ல, நிலைகள். அதனால் ‘ஹேவ்’, ‘நோ’, ‘பிலாங்’, ‘அண்டர்ஸ்டாண்ட்’ போன்றவற்றில் ‘இங்’ சேர்ப்பதில்லை. ஆனால் ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி. அங்கே ‘ஹேவ்’ என்பது சாப்பிடுவது, அது செயல்.

கேள்வி: எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் ‘தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் ஆர்’ என்றே எழுதுகிறார்கள். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’டும் ஒழியவில்லை.
– ஆங்கில ஆசிரியை, கும்பகோணம்

பதில்: முதல் தவறின் வேர் தமிழின் சொல்வரிசையில் இருக்கிறது. ‘மாம்பழப் பெட்டி கனமாக இருக்கிறது’ என்னும்போது தலைமைச் சொல்லான ‘பெட்டி’ தொடரின் கடைசியில், பயனிலையின் பக்கம் நிற்கிறது. பக்கத்தில் இருப்பதோடு வினையைப் பொருத்துவது நமக்கு அனிச்சைச் செயல். ஆங்கிலம் ‘பாக்ஸ்’ஸை முன்னே தள்ளிவிட்டு ‘மேங்கோஸ்’ஸை வினைக்குப் பக்கத்தில் உட்காரவைக்கிறது. பிள்ளை பழக்கதோஷத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து ‘ஆர்’ போடுகிறது. போதாக்குறைக்குப் பேச்சுத்தமிழில் ‘மாடுங்க வந்துச்சு’ என்று அஃறிணைப் பன்மைக்கு ஒருமை வினையே போகிறது. எண்ணிக்கையைப் பார்த்து வினையை மாற்றும் பழக்கம் அங்கே தளர்ந்திருக்கிறது.

மருந்து: ‘ஆஃப்’, ‘இன்’, ‘வித்’, ‘அலாங் வித்’ போன்றவற்றில் தொடங்கும் துண்டை அடைப்புக்குள் போட்டுவிட்டு மிச்சத்தைப் படிக்கச் சொல்லுங்கள். ‘தி பாக்ஸ் … இஸ் ஹெவி’. ‘தி டீச்சர் … இஸ் கமிங்’. ஒரு வாரம் தினமும் ஐந்து வாக்கியம், அடைப்பு மட்டும் போட, விடை எழுத வேண்டாம். அடைப்புப் போடத் தெரிந்தால் வினை தானாக வந்துவிடும்.

இரண்டாவது தவறுக்குத் தமிழே கைகொடுக்கும். ‘என் நண்பர்களில் ஒருவன் வந்தான்.’ நண்பர்கள் பன்மை, ஒருவன் ஒருமை, வினையும் ஒருமை. ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ்’ அதே கணக்கு. ‘நண்பனில் ஒருவன்’ என்று யாராவது சொல்வார்களா என்று வகுப்பில் கேட்டால் சிரிப்பார்கள், சிரித்தது மறக்காது. ‘எ நம்பர் ஆஃப்’ வந்தால் ‘ஆர்’, ‘தி நம்பர் ஆஃப்’ வந்தால் ‘இஸ்’ என்பதை மட்டும் மனப்பாடமாகத்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் காலம் ஏன் மாற வேண்டும்? தமிழில் மாறுவதில்லையே?
– 10ஆம் வகுப்பு மாணவர், தூத்துக்குடி

பதில்: நல்ல கேள்வி. ‘நாளைக்கு வருவேன்னு சொன்னான்’ என்கிறோம். சொன்னது போன மாதமாக இருந்தாலும் ‘வருவேன்’ அப்படியே நிற்கும். ‘என்று’ என்னும் ஒரு சொல் அவன் பேச்சை மடித்து அப்படியே நம் கையில் கொடுத்துவிடுகிறது. ஆங்கில அயற்கூற்றில் அந்த வசதி இல்லை. சொல்பவர் தான் நிற்கும் இடத்திலிருந்து எல்லாவற்றையும் திருப்பி அளக்க வேண்டும்: யார், எப்போது, எங்கே.

‘ரவி செட் டு மீ, “ஐ வில் மீட் யூ டுமாரோ.”’ வரிசையாகப் போங்கள். ‘செட் டு’ என்பது ‘டோல்ட்’ ஆகும். மேற்கோள் குறி போய் ‘தட்’ வரும். ‘ஐ’ என்றது ரவி, அதனால் ‘ஹீ’. ‘யூ’ என்றது என்னை, அதனால் ‘மீ’. ‘வில்’, ‘வுட்’ ஆகும். ‘டுமாரோ’, ‘தி நெக்ஸ்ட் டே’ ஆகும். ‘ரவி டோல்ட் மீ தட் ஹீ வுட் மீட் மீ தி நெக்ஸ்ட் டே.’ ‘ஐ’, ‘யூ’ போன்ற பிரதிப்பெயர்களை முடித்துவிட்டே காலத்துக்குப் போக வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் மாற்றப்போய்த்தான் குழப்பம் வருகிறது.

கேள்வி வாக்கியத்தில் இன்னொரு பள்ளம். ‘வேர் டூ யூ லிவ்?’ என்பதை ‘ஹீ ஆஸ்க்ட் மீ வேர் டிட் ஐ லிவ்’ என்று எழுதுவார்கள். கேள்வி அடங்கிச் செய்தியாகிவிட்டது, ‘டூ’வுக்கு வேலை போய்விட்டது: ‘வேர் ஐ லிவ்ட்’. கேள்விக்குறியும் வராது. ‘ஆம், இல்லை’ கேள்வியானால் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’. ‘சூரியன் கிழக்கில் உதிக்கிறது’ போன்ற என்றும் மாறாத உண்மைக்குக் காலத்தை மாற்றாமலே விடலாம்.

பத்தி வாசிப்புக்கும் இது உதவும். ‘செட்’ என்று எழுதினால் ஆசிரியர் ஒதுங்கி நிற்கிறார். ‘கிளெய்ம்ட்’ என்றால் நம்பவில்லை. ‘அட்மிட்டட்’ என்றால் எதிராளி மாட்டிக்கொண்டான் என்று காட்டுகிறார்.

கேள்வி: புகழ்வதுபோல் இகழும் பத்தி வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: தமிழ்ப் பாடத்தில் படித்த வஞ்சப்புகழ்ச்சியணியை நினைத்துக்கொள்ளுங்கள். 1073ஆம் குறள் கயவரைத் தேவருக்கு ஒப்பாகச் சொல்லி, காரணமாக ‘இருவரும் நினைத்ததைச் செய்து திரிபவர்’ என்கிறது. புகழ்ச்சிக்குச் சொல்லும் காரணம் இகழ்ச்சிக்குரியதாக இருக்கும், அதுதான் அடையாளம். ஆங்கிலப் பத்தியில் ‘பிரில்லியன்ட்’, ‘ஜீனியஸ்’ என்ற பெரிய சொல்லும், அதை அடுத்து ‘மூன்று மாதத்தில் இடிந்த பாலம்’ என்ற விவரமும் வந்தால், சொல்லை விட்டுவிட்டு விவரத்தை நம்புங்கள். நோக்கம் ‘டு கிரிட்டிசைஸ்’ அல்லது ‘டு மாக்’, டோன் ‘சர்காஸ்டிக்’.

கேள்வி: அரசுப் பள்ளித் தமிழ்வழி வகுப்பு. ஆங்கிலப் பத்தியைத் தொட்டாலே பயப்படுகிறார்கள். ஒரு பீரியடில் எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு பட்டதாரி ஆசிரியர், விருதுநகர்

பதில்: தமிழ் நாளிதழிலிருந்து. ஒரு தலையங்கம், ஒரு விபத்துச் செய்தி, ஒரு நகைக்கடை விளம்பரம். மூன்றையும் வெட்டி ஒட்டி, ‘எழுதியவருக்கு நம்மிடம் என்ன வேண்டும்?’ என்று மட்டும் கேளுங்கள். பத்து நிமிடம் போதும். தலையங்கத்தில் ‘வேண்டும்’, செய்தியில் ‘பட்டது’, விளம்பரத்தில் ‘வாருங்கள்’ என்ற வினைமுற்றுகளை அவர்களே கோடிடுவார்கள். அதன் பிறகு ஆறேழு வரி ஆங்கிலப் பத்தி. பொருள் சொல்லாமல் முதலில் வினைகளை வட்டமிடச் செய்யுங்கள். தெரியாத சொற்கள் பத்து இருந்தாலும் ‘மஸ்ட்’ எல்லோருக்கும் தெரியும். நோக்கத்தை ஊகித்த பிறகே அகராதி. முதலில் சொற்பொருளை எழுதிப்போட்டால், மொழிபெயர்ப்பு வகுப்பாக மாறிப் பீரியட் முடிந்துவிடும்.

இலக்கணத்தில் மெல்லக் கற்போருக்கு எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் அண்மைக்கால அமைப்பில் இரண்டு மதிப்பெண் இலக்கணக் கேள்விகள் ஐந்து வரும், மூன்று எழுதினால் போதும்: வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச், நிறுத்தக்குறி, வாக்கிய வகை மாற்றம், கலைந்த சொற்களை ஒழுங்குபடுத்துதல். இதில் நிறுத்தக்குறியும் ஒழுங்குபடுத்துதலும் விரைவில் கைக்கு வருபவை. மூன்றாவதாக வாய்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். கலைந்த சொற்களில் முதலில் வினையைத் தேடி, ‘யார்’ என்று கேட்டு எழுவாயை அதன் முன் வைத்து, ‘எ’, ‘தி’, ‘மை’ போன்றவற்றை அவற்றின் பெயர்ச்சொல்லோடு ஒட்டிவிட்டால் மீதி இரண்டு மூன்று சொற்கள்தான் மிஞ்சும். நிறுத்தக்குறியில் அதிகம் விட்டுப்போவது இரண்டு: மேற்கோளுக்கு முந்தைய காற்புள்ளி, மேற்கோளுக்குள் தொடங்கும் முதல் சொல்லின் பெரிய எழுத்து. கேள்விக்குறியை மேற்கோள் குறிக்கு வெளியே போடுவதும் உண்டு. கேட்டவர் மேற்கோளுக்குள் இருக்கிறார், குறியும் உள்ளேதான் இருக்க வேண்டும்.